ஒற்றியூர்: பிரார்த்தனையும் முன்னிலையும்

1

'எழுத்து' 1959இல் தொடங்கிய நாள் முதலாக நம் புதுக்கவிதையில் 'ஆன்மீகம்' என்று அடையாளம் காட்டப்பட்டு வந்திருப்பவற்றை ஒருசேர எடுத்து வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் தட்டுப்படும். மௌனம், வெளி, சூன்யம், இருள், ஒளி, அகாலம் எல்லாம் நிறைய இருக்கின்றன. யாரிடமாவது பேசுவது மட்டும் இல்லை. கவிஞன் தன்னுள் அமிழ்கிறான், எழுகிறான், கரைகிறான். எல்லாம் தன்மையிலோ படர்க்கையிலோ நடந்து முடிந்துவிடுகிறது. 'நீ' என்ற சொல் வந்தால் அது காதலியைக் குறிக்கும்; நகரத்தை, மரணத்தை, சமயத்தில் வாசகனைக் குறிக்கும். கடவுளைக் குறித்து அது வருவது அபூர்வம். அப்படி வந்தால் பெரும்பாலும் கிண்டலுக்காக. தியானம் நமக்குக் கௌரவமான காரியம். பிரார்த்தனை பாட்டிமார் விவகாரம்.

இந்த ஏற்றத்தாழ்வை யாரும் நிரூபித்ததாக எனக்குத் தெரியவில்லை. அது ஒரு ரசனைப் பழக்கமாக வந்து படிந்துவிட்டது. அதன் இலக்கிய விளைவு என்ன என்பதே என் கேள்வி. முன்னிலையில் பேசுகிறவன் எதிரில் ஒருவர் இருப்பதாக ஒப்புக்கொள்கிறான். அவர் பதில் சொல்லக் கூடும், சொல்லாமலும் இருக்கக் கூடும், தான் எதிர்பாராததைச் சொல்லவும் கூடும் என்பதையும் சேர்த்து ஒப்புக்கொள்கிறான். தியானத்தில் இந்த அபாயம் இல்லை. மௌனம் யாரையும் மறுத்துப் பேசாது. முன்னிலையைக் கைவிட்ட கவிதை நம்பிக்கையை மட்டும் கைவிடவில்லை, இந்த அபாயத்தையும் கைவிட்டது என்பது என் துணிபு.

இதைப் பரிசோதிக்க ராமலிங்கரின் ஒற்றியூர்ப் பாடல்களை எடுத்துக்கொள்கிறேன். நம்மிடையே அதிகம் புகழப்பட்டு மிகக் குறைவாகப் படிக்கப்பட்ட கவிஞர்களில் அவர் ஒருவர். புகழப்படும் பகுதியும் படிக்கப்படாத பகுதியும் வேறு வேறு என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

2

1823இல் சிதம்பரத்தை அடுத்த மருதூரில் பிறந்த ராமலிங்கர் குழந்தையாகவே சென்னைக்கு வந்துவிட்டார். ஏழுகிணற்றுப் பகுதியில், வீராசாமிப் பிள்ளைத் தெருவில், அண்ணன் சபாபதிப் பிள்ளையின் வீடு. பிராயத்தின் தொடக்கத்திலிருந்து 1858இல் சென்னையை விட்டு நீங்கும் வரை அங்கிருந்து திருவொற்றியூருக்கு நடந்து போய் வந்திருக்கிறார். ராயபுரம், தண்டையார்பேட்டை கடந்து ஏழெட்டுக் கிலோமீட்டர் தூரம். அந்த வருஷங்களின் இறுதியில், 1856 ஜூலை 1 அன்று, தென்னிந்தியாவின் முதல் ரயில் ராயபுரத்திலிருந்து புறப்பட்டது. ஒற்றியூர்ப் பதிகங்களில் அந்த இரைச்சலைத் தேடுகிறவன் ஏமாறுவான். அவற்றின் காலம் வேறு விதமாகத்தான் தெரியவரும்.

திருவருட்பாவின் முதல் நான்கு திருமுறைகளைத் தொழுவூர் வேலாயுத முதலியார் பகுத்து 1867இல் வெளியிட்டார். ஐந்தாம் திருமுறை 1880இலும் ஆறாம் திருமுறை 1885இலும், ராமலிங்கர் மறைந்த பிறகு, வந்தன. இந்தப் பதிப்பு வரிசையே பிற்காலத்தில் ஒரு விமர்சனக் கோடாக ஆகிவிட்டது. சைவ மரபினர் ஒரு சாரார் முதல் ஐந்தை ஏற்று ஆறாவதைச் சந்தேகித்தார்கள். சாதி மறுப்பாளர்களும் பகுத்தறிவாளர்களும் ஆறாவதை எடுத்துக்கொண்டு முந்தைய ஐந்தை ஒரு பக்தனின் முதிராப் பருவம் என்று ஒதுக்கினார்கள். சிறுபத்திரிகைக்காரர்களாகிய நாம் இரண்டு தரப்பிலும் சேராதவர்கள் என்று எண்ணிக்கொண்டு இரண்டாவது தரப்பின் தீர்ப்பை அப்படியே வாங்கி வைத்திருக்கிறோம். ஒளியைப் பாடிய ராமலிங்கர் நமக்கு நவீனர். ஒற்றியூரில் அழுத ராமலிங்கர் வெறும் சம்பிரதாயம்.

ஆறுமுக நாவலர் தொடுத்த எதிர்ப்பையும் இங்கே வேறு கோணத்தில் பார்க்கலாம். சமகாலத்து மனிதன் ஒருவன் தன் அறையிலும் கோயில் பிராகாரத்திலும் சொல்லிக்கொண்ட விண்ணப்பங்களை 'அருட்பா' என்றும் 'திருமுறை' என்றும் அச்சிடலாமா என்பதுதான் சண்டை. தனிமனிதப் பிரார்த்தனைக்கு நூல் அந்தஸ்து உண்டா என்ற கேள்வி அது. நாவலர் இல்லை என்றார். வேறு காரணங்கள் சொல்லி நாமும் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

3

ஒற்றியூரில் கடவுளோடு பேசுவதற்கு ராமலிங்கருக்கு முன்பே ஒரு சரித்திரம் இருந்தது. அதைத் தெரிந்துகொள்ளாமல் அவர் பாடல்களின் தொனி பிடிபடாது.

முதலில் சுந்தரர். சங்கிலியாரை மணப்பதற்காக 'பிரியேன்' என்று கோயிலில் சத்தியம் செய்ய வேண்டும். நான் சத்தியம் செய்யும் நேரத்தில் நீ சந்நிதியை விட்டு மகிழ மரத்தடிக்குப் போய்விடு என்று சிவனிடமே முன்கூட்டி ஏற்பாடு செய்துகொள்கிறார். சிவன் சம்மதிக்கிறான். பிறகு, மகிழ மரத்தடியில் சத்தியம் வாங்கிக்கொள் என்று பெண் வீட்டாருக்குச் சொல்லிவிடுகிறான். மாட்டிக்கொண்ட சுந்தரர் மரத்தை வலம் வந்து சத்தியம் செய்கிறார், பின்னால் அதை மீறுகிறார், ஒற்றியூர் எல்லை தாண்டியதும் கண் பறிபோகிறது. மாசி உற்சவத்தில் மகிழடி சேவையாக இன்றும் நடத்திக் காட்டப்படும் கதை இது. கடவுளிடம் பேசிய சொல்லுக்கும் பெண்ணிடம் பேசிய சொல்லுக்கும் ஒரே கணக்கு என்பது இதன் உள்ளீடு. முன்னிலையில் சொன்னதை எல்லை தாண்டியும் திரும்ப வாங்கிக்கொள்ள முடியாது.

இரண்டாவது கலிய நாயனார். செக்காடி எண்ணெய் விற்றவர். கோயில் விளக்குகளை ஏற்றி ஏற்றிச் சொத்தெல்லாம் தீர்ந்து, பிறர் செக்கில் கூலிக்கு உழைத்து, அதுவும் தீர்ந்து, மனைவியை விற்கக் கிளம்பி, வாங்க ஆள் இல்லாமல், கடைசியில் தன் கழுத்தை அரிந்து ரத்தத்தை அகலில் விட முற்பட்டார். இந்தக் கதையில் பேச்சே இல்லை, காரியம் மட்டும்தான். சொல்லற்ற வழிபாடு எங்கே போய் நிற்கும் என்பதற்கு இதைவிடப் பயங்கரமான உதாரணம் நம் மரபில் அதிகம் இல்லை.

மூன்றாவது பட்டினத்தார். பதினோராந் திருமுறையில் 'திருவொற்றியூர் ஒருபா ஒருபஃது' பாடியவரும், துறவுப் பாடல்களால் ஜனங்களின் நாவில் இருப்பவரும் வேறு வேறு காலத்தவர் என்பது ஆராய்ச்சியாளர் முடிவு. ஜன ஞாபகம் இருவரையும் ஒன்றாக்கி, கடலோரச் சமாதியில் உட்கார வைத்துவிட்டது. துறவுப் பட்டினத்தாரின் முக்கியமான முன்னிலை கடவுள் அல்ல, நெஞ்சு. தன்னையே இரண்டாகப் பிளந்து ஒரு பாதியை மறு பாதி அதட்டுவது அவர் முறை. இன்றைய பாஷையில் அதைத் 'தன் விசாரணை' எனலாம்.

சந்நிதியிலும் ஒரு விசேஷம் உண்டு. மூலவர் புற்று வடிவம். ஆண்டு முழுவதும் கவசத்துக்குள் இருக்கிறார். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாட்கள் மட்டும் கவசம் விலகும். அங்கே நின்று 'நீ' என்று அழைக்கிறவன், பார்க்க முடியாத ஒன்றைப் பார்த்துத்தான் அழைக்கிறான். அந்த இறைவனுக்கு 'எழுத்தறியும் பெருமான்' என்றும் பெயர். அரசன் ஊர்களுக்கெல்லாம் விடுத்த வரி ஓலையில், எழுதியவனும் அறியாதபடி, ஒற்றியூருக்கு மட்டும் விலக்கு என்று வரிகளுக்கிடையே எழுதிச் சேர்த்தவன் என்பது கதை. மனிதன் எழுதிய பிரதிக்குள் தன் சொல்லை நுழைத்துவிடும் கடவுள். கவிஞனுக்கு இதைவிடச் சங்கடமான தெய்வம் இருக்க முடியாது. ராமலிங்கர் இந்தப் பெயரிலேயே ஒரு மாலை பாடியிருக்கிறார்.

4

ராமலிங்கரின் கையில் இந்த மூன்று வழிகளும் வந்து சேர்கின்றன. முதல் திருமுறையில் 'விண்ணப்பக் கலிவெண்பா'வும் 'நெஞ்சறிவுறுத்த'லும் அடுத்தடுத்து நிற்கின்றன. ஒன்று கடவுளிடம் பேசுகிறது, மற்றது தன் நெஞ்சிடம். இரண்டும் நூற்றுக்கணக்கான கண்ணிகள் நீள்பவை. பிரார்த்தனையும் தன் விசாரணையும் ஒன்றையொன்று விலக்கும் பாதைகள் என்ற நம் இன்றைய பிரிவினை அவருக்குத் தெரியவே தெரியாது. இரண்டாம் திருமுறைக்குப் போனால் 'கருணை விண்ணப்பம்', 'அவல விண்ணப்பம்', 'பொருள் விண்ணப்பம்', 'அபராத விண்ணப்பம்' என்று தலைப்பே மனுக்கட்டு போல அடுக்கியிருக்கும்.

'விண்ணப்பம்' பழைய சொல், கல்வெட்டுகளிலேயே உண்டு. ஆனால் 1850களின் சென்னையில் அதற்கு ஒரு புதிய காற்றும் அடித்துக்கொண்டிருந்தது. 1852இல் கஜுல லட்சுமிநரசு செட்டியார் தொடங்கிய சென்னைச் சுதேசிகள் சங்கம் கம்பெனி ஆட்சியின் கொடுமைகளைப் பற்றி லண்டன் பார்லிமெண்டுக்கு மனு அனுப்பியது. வரி வசூலுக்காக ரயத்துகளைச் சித்திரவதை செய்ததை விசாரிக்க 1854இல் ஒரு கமிஷன் அமைந்தது, 1855இல் அறிக்கை தந்தது. அதிகாரத்திடம் ஜனங்கள் பேசக் கிடைத்த ஒரே வடிவம் மனு. ராமலிங்கர் அந்த அரசியலில் ஈடுபட்டார் என்று நான் சொல்லவில்லை. மனு எழுதுகிறவனின் மனநிலை அன்றைய பட்டணத்தில் பொதுவாகப் புழங்கியது என்பதை மட்டும் குறிக்கிறேன். மனுதாரன் தன் நியாயத்தையும் தகுதியையும் நிறுவிய பிறகுதான் கோரிக்கைக்கு வருவான். ராமலிங்கரின் விண்ணப்பம் இதைத் தலைகீழாகச் செய்கிறது. தகுதி எதுவும் இல்லை என்று முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டு, தகுதி பார்த்துத் தருவதென்றால் உன் கருணைக்கு என்ன வேலை என்று எதிர்க்கேள்வி போடுகிறது.

இங்கே ஒரு விமர்சனச் சிக்கல் எழுகிறது. தன்னை இழித்துரைப்பது பக்தி மரபின் பழைய சரக்கு. தேவாரத்திலிருந்து தாயுமானவர் வரை அது ஓடி வருகிறது. எது சம்பிரதாயம், எது அனுபவம் என்று எப்படிப் பிரிப்பது? கவிஞனின் வாழ்க்கையில் அது நடந்ததா என்று தேடுவது பயனற்றது. நான் வைக்கும் அளவுகோல் எளியது. கேட்கப்படுகிறவரை மாற்றி வைத்தாலும் பாடல் அப்படியே நிற்குமானால் அது சம்பிரதாயம். ஒற்றியூர்ப் பாடல்களில் சுமாரானவை இப்படி எந்த ஊர்ச் சிவனுக்கும் பொருந்தும். நல்லவை பொருந்தா. அவற்றில் பேசப்படுகிறவன் நடந்து போய்ச் சேரக் கூடிய தூரத்தில் இருப்பவன். நேற்றும் கேட்டாயிற்று, இன்றும் கேட்டாயிற்று, நாளைக்கும் வரத்தான் போகிறேன் என்ற உரிமை தொனியில் இருக்கிறது. ஒற்றி என்றால் அடமானம் என்றும் பொருள். ஊரையே ஒற்றி வைத்தவனிடம் வந்து கேட்கிறோமே என்ற சிலேடையை அவர் பல இடங்களில் எடுக்கிறார். அங்கே சிலேடை வித்தை காட்டுவதற்காக வரவில்லை. கொடுக்காதவனைக் கடன்காரனாக்கிப் பேசும் அண்டை வீட்டுச் சண்டையின் ருசி அதில் இருக்கிறது. 'இங்கித மாலை'யில் இது முழு நாடகமாகிவிடுகிறது. பிச்சைக்கு வந்த ஒற்றியூரானிடம் ஒரு பெண் கேள்வி கேட்கிறாள், அவன் இரட்டைப் பொருளில் மறுமொழி சொல்கிறான். பதில் வராத விண்ணப்பங்களுக்கு நடுவே, பதில் வந்தே தீரும் ஒரு விளையாட்டை அவர் கட்டி வைத்திருக்கிறார்.

பத்துப் பதிகங்களைத் தொடர்ந்து படித்தால் அலுப்புத் தட்டும் என்பதை மறைக்கத் தேவையில்லை. அவை ஒவ்வொரு நாளைக்குமான பேச்சு, ஒரே மூச்சில் படிக்கும் நூல் அல்ல. ஆனால் அலுப்பைவிடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது. பெண்ணுடலை இழித்துப் பேசும் பழைய துறவுச் சரக்கை ஒற்றியூர்ப் பாடல்கள் கணிசமாகச் சுமக்கின்றன. பட்டினத்தாரிடமிருந்து வந்த சொத்து அது. தாய்க்குக் கொள்ளி வைத்தபோது தமிழின் மிகப் பெரிய இரங்கற் பாடல்களில் சிலவற்றைப் பாடிய அதே குரல்தான் மற்றப் பெண்களைத் தோலும் சீழுமாகப் பிரித்துப் போட்டது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இலக்கண வித்தியாசமும்கூட. தாய் அருகில் கிடத்தப்பட்டிருக்கிறாள். மற்றவள் எப்போதும் 'அவள்'. ராமலிங்கரிடமும் இதே பிளவுதான். 'வடிவுடை மாணிக்க மாலை'யில் அம்மனை நோக்கி நூறு பாட்டுக்கு மேல் நேரே பேசும்போது பாஷை நிமிர்ந்து நடக்கிறது. முகமற்ற 'மாத'ரைப் பற்றிப் படர்க்கையில் பேசத் தொடங்கியதும் தேய்ந்த சொற்கள் வரிசையாக வந்து உட்கார்ந்துகொள்கின்றன. முன்னிலை மறுக்கப்பட்ட இடத்தில் கவிதையும் விலகிவிடுகிறது. சுந்தரரிடம் மரத்தடிச் சத்தியம் கேட்டு நின்ற சங்கிலி அதே ஊர்க்காரி என்பதை ராமலிங்கர் அந்த இடங்களில் மறந்துவிட்டார்.

5

ராமலிங்கரின் சென்னை வாழ்க்கையைப் பற்றி இரண்டு கதைகள் வழங்குகின்றன. அற்புதங்களை நம்புகிறவர்கள் அவற்றைச் சான்றாக வைக்கிறார்கள், நம்பாதவர்கள் தள்ளிவிடுகிறார்கள். ஒரு கவிஞனைப் பற்றி ஜனங்கள் சொல்லி வைத்த விமர்சனமாக அவற்றைப் படிக்கலாம்.

ஒன்று கண்ணாடி. மாடியறையில் கண்ணாடியை நிறுத்தி, பூவும் விளக்கும் வைத்து உட்கார்ந்த சிறுவனுக்கு அதில் தன் முகம் தெரியாமல் தணிகை முருகன் தெரிந்தான். இது தியானக் கதை. ஆனால் அதிலும் எதிரில் இன்னொருவர் வந்துவிடுகிறார்.

மற்றது சோறு. ஒற்றியூரிலிருந்து நேரங்கழித்துத் திரும்பியபோது வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. எழுப்ப மனமில்லாமல் பசியோடு திண்ணையில் படுத்துவிட்டார். அண்ணி வந்து எழுப்பிச் சோறு போட்டாள். சற்றுப் பொறுத்து நிஜமான அண்ணி கதவைத் திறந்து சாப்பிடக் கூப்பிட்டாள். முன்னால் வந்தவள் வடிவுடையம்மன். இதில் எனக்கு முக்கியமாகப் படுவது இடம்தான். கேட்டது ஒற்றியூர்ச் சந்நிதியில், பதில் வந்தது ஏழுகிணற்றுத் திண்ணையில், அதுவும் சோறாக. பிரார்த்தனைக்குப் பதில் பிரார்த்தனை செய்த இடத்தில் வராது, கேட்ட வடிவத்திலும் வராது என்று இந்தக் கதையைக் கட்டிய ஜனங்களுக்குத் தெரிந்திருக்கிறது.

1867 மே 23 அன்று வடலூரில் சத்திய தருமச்சாலை திறந்தது. அன்று மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. ஒற்றியூர்ப் பக்தர் வடலூரில் சீர்திருத்தக்காரராக 'மாறினார்' என்று சொல்வது வழக்கம். மாற்றம் என்ற சொல் இங்கே சரியில்லை என்று நினைக்கிறேன். முதல் சான்று 1854இல், அதாவது ஒற்றியூர்க் காலத்திலேயே, அவர் எழுதிய 'மனுமுறை கண்ட வாசகம்'. மகன் தேரேற்றிக் கன்றைக் கொன்றதும், இந்த விபரீதம் நேர என்ன பாவம் செய்தேன் என்று சோழன் தன்னையே கேட்டுக்கொள்ளும் நீண்ட வினாவரிசை அதில் இருக்கிறது. அதில் பெரிய பாவங்களைவிட அன்றாட அற்பத்தனங்களே அதிகம். பசித்தவனைத் திரும்பிப் பாராதது, ஒளிந்தவனைக் காட்டிக் கொடுத்தது, வழக்கில் ஓரம் பேசியது, வேலை வாங்கிக்கொண்டு கூலியைக் குறைத்தது. ராஜாவின் வாயில் கூலிக் குறைப்பு வருவதைக் கவனிக்க வேண்டும். அபராத விண்ணப்பங்களில் பழகிய தன் விசாரணை இங்கே பிறனுக்குச் செய்த அநியாயத்தின் பட்டியலாக விரிந்துவிட்டது.

இரண்டாவது சான்று இன்னும் பலமானது. எல்லோரும் கொண்டாடும் ஆறாம் திருமுறையின் மையமான பகுதிகளுக்குப் பெயர் என்ன? 'பிள்ளைச் சிறு விண்ணப்பம்', 'பிள்ளைப் பெரு விண்ணப்பம்'. நீர் காணாத பயிரைக் கண்டு வாடியதாகச் சொல்லும் இடம், இன்று மேடைதோறும் எடுத்துக்காட்டப்படுவது, இந்தப் பெரு விண்ணப்பத்தில் வருவது. அது கொள்கைப் பிரகடனம் அல்ல, தகப்பனிடம் பிள்ளை சொல்லும் முறையீடு. யாரோ உரத்துக் கூப்பிட்டது கேட்டு நடுங்கியது, பசித்தவர் முகம் பார்த்துப் பயந்தது எல்லாம் 'உனக்குத் தெரியாதா' என்ற தொனியில் ஒப்புவிக்கப்படுகின்றன. ஒற்றியூரில் கற்ற வடிவம் கடைசி வரை அவரை விடவில்லை. அதற்குள் வந்து நிறைந்த சரக்குதான் வேறு. முன்பு தன் குறை, இப்போது பிறர் பசி. கவசம் போட்ட புற்றைப் பார்த்து இருபது வருஷத்துக்கு மேல் 'நீ' என்று அழைத்துப் பழகியவனுக்கு, வாசலில் நிற்கும் பசித்தவனைப் படர்க்கையில் வைத்துப் பார்க்க முடியாமல் போனதில் ஆச்சரியம் இல்லை.

அந்தப் பகுதியின் பிற்காலச் சரித்திரத்திலும் இதற்கு ஓர் எதிரொலி உண்டு. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கமாகச் சொல்லப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரலில் பெரம்பூரில் பிறந்தது. அதற்கு நாற்றங்கால், செல்வபதி செட்டியார் நடத்திய வெங்கடேச குணாமிர்த வர்ஷணி சபை என்ற பக்திச் சபை. பிரசங்கம் கேட்க வந்த ஆலைத் தொழிலாளர்கள் அங்கே தங்கள் குறைகளைச் சொல்லத் தொடங்கினார்கள். அங்கே பேசிவந்த திரு.வி.க.தான் பிறகு 'இராமலிங்க சுவாமிகள் திருவுள்ளம்' எழுதினார். கடவுளிடம் சொல்லிப் பழகிய வாய் முதலாளியிடமும் சொல்லும். எல்லா இடத்திலும் அப்படி நடந்துவிடுவதில்லை. நடந்த இடம் ஒன்று உண்டு என்பதே போதும்.

6

எதிர்த்தரப்பையும் பார்க்க வேண்டும். சென்னையின் தெற்கே அடையாறு இருக்கிறது. 1882இல் தியசாபிகல் சொசைட்டி அங்கே குடியேறிய அதே வருஷம், தொழுவூர் வேலாயுத முதலியார், உலகச் சகோதரத்துவம் பேச அயல்நாட்டார் வருவார்கள் என்று தம் ஆசிரியர் முன்கூட்டிச் சொன்னதாக அவர்களுக்கு வாக்குமூலம் தந்தார். பெரம்பூர்த் தொழிலாளர்களுக்குத் தலைமை தாங்க வந்த வாடியாவும் அடையாற்றுக்காரர்தான். ஆகவே வடக்கு, தெற்கு என்று சுவர் எழுப்புவது என் நோக்கம் அல்ல. ஆனால் அடையாற்றில் வளர்ந்து அந்த அமைப்பை உதறிய ஜே. கிருஷ்ணமூர்த்தி பிரார்த்தனையைப் பற்றி எழுப்பிய கேள்வி கடுமையானது. கேட்கிறவன் தன் ஆசையைத்தான் கேட்கிறான், அவன் பெறும் பதிலும் அவன் மனமே தயாரித்தது என்றார். நம் நவீன கவிதையில் இந்தக் கேள்விக்குப் பெரும் பங்கு உண்டு. கிருஷ்ணமூர்த்தியின் சிந்தனையில் ஆழ்ந்த பிரமிளின் சிறந்த கவிதைகள், தியானம் படிமமாக முடியும் என்பதற்கு நிரூபணம். அந்தச் சாதனையைக் குறைத்து மதிப்பிட நான் தயாரில்லை.

ஆனால் கேள்வி சரி என்பதாலேயே முன்னிலை பொய்யாகிவிடுவதில்லை. தன் ஆசையைத்தான் கேட்கிறோம் என்ற சந்தேகம் ராமலிங்கருக்கே இருந்தது. நெஞ்சறிவுறுத்தல் முழுக்க அந்தச் சந்தேகம்தான். சந்தேகித்துக்கொண்டே கேட்டார். 1934-35இல் பாரிஸ் தொழிற்சாலைகளில் இயந்திரத்தின் முன் நின்ற சிமோன் வெய்ல், கவனத்தையே பிரார்த்தனையின் சாரமாகக் கண்டார். துன்பத்தில் இருக்கும் மனிதனைப் பார்த்து உனக்கு என்ன செய்கிறது என்று கேட்க முடிவதே பிறனிடத்து அன்பு என்ற முடிவுக்கு அவரால் வர முடிந்தது. அந்தக் கேள்வி முன்னிலையில்தான் கேட்கப்பட முடியும். தியானத்தில் கூர்மையான கவனம் யாரையும் கேட்காமலே நின்றுவிடக் கூடும். நம் கவிதையில் பெரும்பாலும் அதுதான் நடந்திருக்கிறது.

நவீனத் தமிழில் கடவுளை நேருக்கு நேர் நிறுத்திப் பேசிய பெரிய சிருஷ்டி ஒன்றைச் சொல் என்றால், 1943இல் வந்த புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையைத்தான் காட்ட வேண்டியிருக்கிறது. பிராட்வே முனையில், ராமலிங்கரின் தெருவுக்கு நடை தூரத்தில், கடவுள் வந்து வழி கேட்கிறார். கந்தசாமிப் பிள்ளை அவரிடமும் பத்திரிகைச் சந்தா பிடித்துவிடுகிறார். இங்கித மாலைக்கும் இந்தக் கதைக்கும் உள்ள உறவை யாரும் பேசியதாகத் தெரியவில்லை. இரண்டிலும் தெய்வம் தெருவுக்கு வந்து வாய் கொடுத்து மாட்டிக்கொள்கிறது. புதுமைப்பித்தனின் கேலி முன்னிலையைக் கொல்லவில்லை. அவருக்குப் பின் வந்தவர்கள் கேலியை எடுத்துக்கொண்டு முன்னிலையை விட்டுவிட்டார்கள்.

7

இன்று ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை போகிற சாலை எப்படி இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். 1970இல் தொடங்கிய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017இல் மூடப்பட்டது. அதே ஆண்டு ஜனவரி 28 அன்று கப்பல்கள் மோதிக் கடலில் கொட்டிய எண்ணெயைக் கரையில் வாளிகளால் கையால் அள்ளினார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் முகத்துவாரத்தில் மறுபடியும் எண்ணெய். இவற்றைப் பற்றிக் கவிதைகள் வந்திருக்கின்றன. புகை, சாம்பல், கறுத்த நீர் என்று சித்திரிப்பு சரியாகவே இருக்கிறது, கோபமும் உண்மையானது. ஆனால் அநேகமாக எல்லாம் படர்க்கை. கவிதை சாலையின் எதிர்ப்பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறது. யாரையும் கூப்பிடவில்லை, கடவுளையும் இல்லை, மனிதனையும் இல்லை.

நம் கவிஞர்கள் பதிகம் பாட வேண்டும் என்று சொல்ல இதை எழுதவில்லை. நம்பிக்கை கட்டளையிட்டு வருவதல்ல. இழந்த வடிவம் ஒன்று என்ன வேலை செய்தது என்று தெரிந்துகொள்வதற்கு நம்பிக்கை தேவையும் இல்லை. முதலில் செய்ய வேண்டிய காரியம் சாதாரணமானது. ஒற்றியூர்ப் பாடல்கள் பாராயணப் புத்தகங்களிலும் சன்மார்க்கப் பதிப்புகளிலும் ஆயிரக்கணக்கான பாடல்களோடு கலந்து கிடக்கின்றன. அவற்றிலிருந்து, தேய்ந்த சரக்கைத் தயவு தாட்சண்யமின்றி நீக்கி, எதிரில் ஒருவர் நிற்கிறார் என்ற உணர்வு உயிரோடு இருக்கும் பாடல்களை மட்டும் எடுத்து, நூறு பக்கத்துக்கு மிகாத ஒரு தொகுப்பை, கவிதை படிக்கிறவனுக்காக யாராவது செய்ய வேண்டும். 'மனுமுறை கண்ட வாசக'த்தின் வினாவரிசையும் அதில் சேர வேண்டும். ஆறாம் திருமுறையிலிருந்து பெரு விண்ணப்பம் கடைசியில் நிற்கட்டும். அப்படி ஒரு புத்தகம் கையில் இருந்தால், ராமலிங்கரைப் பக்தர் என்றோ புரட்சியாளர் என்றோ பிரித்து வைத்துக்கொண்டு நாம் நடத்திவரும் வசதியான வாதம் நிற்காது.